கேட்டில் நிற்கும் என் நெஞ்சு

மாமல்லபுரத்தில் செதுக்கிய ஒரு துவாரபாலகர் சிலைக்கு நான்தான் மாடலாக நின்றேன். பொய். சிலை முடிந்த பிறகுதான் என்னை இழுத்து நிறுத்தினார்கள். அதுவும் சட்டையை உருவிவிட்டு.

எழுபதுகளில் அங்கே ஒரு சிற்பக்கூடத்தில் கல் தூக்கும் வேலை எனக்கு. பிறவியிலேயே என் நெஞ்செலும்பு நடுவில் உள்வாங்கிக் கிடக்கும். குளித்தால் தண்ணீர் தேங்கும் (காக்கா வந்து குடிக்கலாம்). கல்லோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், படபடக்கும்.

"திங்கத் தெரியுது, தூக்கத் தெரில! பொய் மூச்சு வாங்கினு நிக்கிறான் பாரு. நாளையோட வூட்டுக்குப் போய்டு" என்றார் ஸ்தபதி.

மறுநாள் செங்கல்பட்டில் புதிதாக ஆஸ்பத்திரி கட்டும் டாக்டர் ஒருவர், வாசலில் வைக்கச் சொல்லியிருந்த துவாரபாலகரைப் பார்க்க வந்தார். ஸ்தபதியின் உளி தவறி அதன் மார்பில் ஒரு சில்லு தெறித்திருந்தது. அவர் அதை வழவழவென்று தேய்த்து அழகான குழியாக்கி வைத்திருந்தார்.

"நெஞ்சுல என்ன பள்ளம்?"

ஸ்தபதி அசரவில்லை. "மாடலே அப்பிடித்தாங்க. டேய் முனியா, இங்க வாடா!"

என் சட்டை பறந்தது. டாக்டர் சிலையை மறந்தார். குழியில் விரலை வைத்தார், காதை வைத்தார்.

"இவனையா கல்லு தூக்க விட்டீங்க? எலும்பு உள்ள அமுக்கி இருதயத்தை இடப்பக்கம் தள்ளியிருக்கு. நுரையீரல் விரியவே இடமில்ல. மூச்சு வாங்காம என்ன பண்ணும்?"

எனக்கு வந்ததே கோபம்!

"கேட்டுக்கினியா அண்ணாத்த? பொய் மூச்சாமே! உன் உளி தவறி பள்ளம் வுழுந்தா அது கலை. எனக்குப் பொறப்புலயே வுழுந்தா சோம்பேறித்தனமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். ஸ்தபதி கையில் சுத்தியல் இருந்தது.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "சிலையும் வேணும், இவனும் வேணும். ரெண்டு பேரும் என் கேட்ல நிக்கட்டும்."

வாட்ச்மேன் ஆனேன். ஒரே வாசல், ரெண்டு பள்ளம். ஆனால் அநியாயத்தைப் பாருங்கள்: வருகிறவர்கள் கல்லுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என்னிடம் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்! பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே போனால், "இதுல எது தாத்தா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அதிலும் ஒரு நாள் ஓர் அம்மா, சிலை என்று நினைத்து என் கழுத்தில் மாலையை...

"யோவ், தொவாரபாலகரே! பால்காரரு கத்தினு கீறாரு, கல்லு மாதிரி குந்திகினு கீறியே. போய் கேட்டைத் தொற!"

என் மனைவி. போய்த்தான் ஆகவேண்டும். அந்தக் கல்லை மட்டும் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.