பூட்டிய வீட்டுத் தக்காளிச் செடி

"செத்துட்டியா?" என்று அந்த லிப்ட் மெக்கானிக் செடியிடமே கேட்டார்.

பால்கனித் தொட்டியில் தக்காளிச் செடி தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, "விதை போட்டு வளர்த்தது. நான் வர்றப்ப உசுரோட இருக்கணும்" என்று மனைவி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று நாளாக மனிதர் தண்ணீர் ஊற்ற மறந்தே போனார்.

பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். செடி வேரோடு சாய்ந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்.

மாலையில் வந்து பார்த்தால், பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது!

"பொழச்சுக்கிட்டியா கண்ணு!" அந்தச் சந்தோஷத்தில் கை கொள்ளாத அளவுக்கு உரத்தை அள்ளிப் போட்டார். விடிந்தபோது இலையெல்லாம் கருகியிருந்தது. அன்று மாலை மறுபடியும் பச்சை. கூடவே இரண்டு பூ.

இப்போது சந்தோஷம் வரவில்லை. வாசல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை, குச்சி நட்டுக் கட்டப் போய்த் தண்டையே ஒடித்துவிட்டார். டேப் சுற்றிவிட்டுப் போனார். மாலையில் ஒடிந்த இடமும் இல்லை, டேப்பும் இல்லை. இருட்டு லிப்ட் குழிக்குள் தனியாக இறங்குகிறவருக்கு மயிர் கூச்செறிந்தது. காற்றே இல்லை, ஓர் இலை மட்டும் மெல்ல அசைந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இது சாதாரணச் செடிதானா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"அதுகிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்கோங்க." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டு செடியைப் பிடுங்கினார். தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டு, மூடியை அழுத்திவிட்டு வேலைக்கு ஓடினார்.

மாலையில் அதே தொட்டியில், அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை மூன்று பழங்கள், சிவக்கச் சிவக்க, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தப்புதாங்க," என்று கும்பிட்டார். "இனிமே தொடவே மாட்டேங்க."

அன்று பால்கனிக்கு முதுகைக் காட்டாமலே சாப்பிட்டார்.

விடிந்ததும் மனைவி பையோடு வந்து நின்றாள். வாசலிலேயே மறித்தார்.

"உள்ள போகாத! அது செடியில்ல. நாலு தடவ கொன்னேன், நாலு தடவையும் எழுந்து வந்துடுச்சு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுப் பெண் ஒரு சாவியை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா உங்க வீட்டுச் சாவி, உங்க செடி எங்க வீட்டுல பத்திரமா இருக்கு, அண்ணன் கொல்றதுக்குன்னு நீங்க வாங்கிக் கொடுத்த செடிங்கதான் தினம் ஒண்ணா மாத்தி வெச்சதுல தீர்ந்துபோச்சு, இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா அண்ணனைத்தான் மாத்தி வெச்சிருக்கணும்!"