மேலாளர் பேசினால் தூங்கும் பேத்தி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உள்ளதைச் சொன்னால், நலமாக இருப்பவள் உங்கள் பேத்தி ஒருத்திதான். உங்கள் மகள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கேயும் ஓடவில்லை, வீட்டிலேயேதான் இருக்கிறேன், ஆனாலும் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேறுகால விடுப்பு முடிந்து உங்கள் மகள் மறுபடி வேலைக்குப் போகும் சமயத்தில், "பிள்ளை நடக்குற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேலையைப் பாருங்க" என்று தாங்கள் சொன்னீர்கள். நான் அத்தனை பேர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேண்டாம் மாமா, நான் வீட்ல இருந்துதானே வேலை பாக்குறேன், என் பொண்ணை நானே பாத்துக்குவேன்" என்றேன். தாங்கள் மீசையைத் தடவினீர்கள். அந்தத் தடவலுக்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. போன வாரம்கூட, "ஒரு வார்த்தை சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து நிக்கிறேன்" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாருங்கள் மாமா. வந்து கூட்டிக்கொண்டு போங்கள். என்னால் முடியவில்லை.

போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் உங்கள் பேத்தியின் வாயில் இருக்கிறது. ஒரு மூலையைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டாள், பிடுங்கினால் விழித்துக்கொள்வாள். தூங்குவதும் தொட்டிலில் இல்லை, என் மார்பின் மேல், துணியால் கட்டிய தூளியில். எனக்கு உபயோகத்தில் இருப்பது ஒரே ஒரு கை. அந்தக் கைக்கு எட்டியது ஒரு பேனாவும் பிரின்டரில் மிச்சமிருந்த இந்த நாலு தாளும்தான். எதிரே கணினியில் எங்கள் மேலாளர் வாராந்தரக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். நான் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவது என் வழக்கம், உங்கள் மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், தங்களுக்கும் தெரிந்திருக்கும். மேலாளர் அதைத் திரையில் எப்படிப் பார்த்தாரோ, "அவரைப் பாருங்க, நான் சொல்ல சொல்லக் குறிப்பு எடுக்குறதோட வாயால சொல்லியும் பாத்துக்குறார், இதுதான் ஈடுபாடு" என்று இப்போதுதான் எல்லோரிடமும் சொன்னார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

என் வேலை என்னவென்று தங்களுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் திட்டி எழுதுவார்கள், நான் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுத வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று அன்றைக்கு நானே நினைத்தேன். மாமா, ஒரு கையால் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வருத்தம் தெரிவித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் காலையில் இவளுக்கு வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டு ஒரே அழுகை. உங்கள் மகள் மருத்துவமனையில் யாருக்கோ முட்டி மடக்கப் பழக்கிக்கொண்டிருந்த நேரம், அழுகை நின்றதா என்று எனக்கு எழுதிக் கேட்கிறாள், நானும் பதில் எழுதுகிறேன், அதே சமயம் ஒரு வாடிக்கையாளர் மெஷின் உறுமுகிறது, அடியில் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறார், அவருக்கும் பதில் எழுதுகிறேன். எது எங்கே போனது என்று நான் கவனிக்கவில்லை. "குப்புறப் போட்டு முதுகை மெல்லத் தட்டினேன், காத்து வெளியே வந்ததும் சத்தம் நின்னுடுச்சு, கீழே ஒழுகினதைத் துடைச்சுட்டேன், பயப்படாதே செல்லம்" என்பது வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், எங்கள் ஆள் வந்து கழற்றிப் பார்க்கும் வரை பொருளை உபயோகிக்க வேண்டாம்" என்பது உங்கள் மகளுக்குப் போனது. அவள் மருத்துவமனையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்துவிட்டாள். அந்த வாடிக்கையாளர் என்ன செய்தார் தெரியுமா? மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகில் தட்டினாராம். உறுமல் நின்றுவிட்டதாம். இத்தனை அன்பாக எந்த நிறுவனமும் தன்னிடம் பேசியதில்லை என்று நன்றி எழுதியிருக்கிறார்.

இதையாவது சமாளித்துவிடலாம். தூக்கம்தான் என்னைப் படுத்திவிட்டது. பகலில் இவள் தூங்கினால்தான் நான் வேலை பார்க்க முடியும். இவளோ தூங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அந்தக் காலை ஊன்றி நிற்கவே இன்னும் தெரியாது. தட்டினேன், ஆட்டினேன், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். பாடியும் பார்த்தேன். பாட ஆரம்பித்ததும் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு பாட்டை விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு கூட்டத்தில் இவளை மார்போடு கட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல், உட்கார்ந்தேன். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடந்த காலாண்டில் நமது செயல்பாடுகளைப் பார்க்கும்போது" என்று ஆரம்பித்தார். அவர் குரல் தங்களுக்குத் தெரியாது மாமா. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, தண்ணீர்த் தொட்டி நிரம்புகிற மாதிரி ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். இவள் அழுகையை நிறுத்தினாள். கொட்டாவி விட்டாள். அவர் அடுத்த அட்டவணைக்குப் போவதற்குள் தூங்கியே போனாள். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

கூட்டம் முடிந்தால் இவள் விழித்துக்கொள்வாள் அல்லவா? அதனால் கூட்டம் முடியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. "வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நான் மெதுவாக, இவள் திடுக்கிடாத குரலில், "சார், அந்த ரெண்டாவது அட்டவணையை இன்னொரு தடவை விளக்க முடியுமா?" என்பேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இன்னொரு தடவை கேட்டதில்லையாம். எனக்குச் சம்பந்தமே இல்லாத உதிரிபாகப் பிரிவுக் கூட்டத்துக்கும் வலியப் போய் உட்கார ஆரம்பித்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் என்னை எந்த நேரமும் அடிப்பார்கள் போலிருக்கிறது. கணக்குப் பிரிவுப் பெண், "அண்ணே, உங்களுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்று எழுதிக் கேட்டாள். வீட்டில்தானம்மா இருக்கிறேன் என்று பதில் போட்டேன்.

அவர் பேச்சைப் பதிவு செய்து போட்டுவிட்டால் என்ன என்று தங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றாமல் இருக்குமா? பதிவைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். இவள் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீடு அதிர்ந்தது. ஏமாற்று வேலை இவளிடம் செல்லாது, மேலாளர் நேரில் வந்து பேச வேண்டும் என்கிறாள்.

இதன் பலன்தான் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. நேற்று அவர் என்னைத் தனியாக அழைத்து, "உங்க ஆர்வத்தைப் பாத்துக்கிட்டே வரேன். இனிமே எல்லாப் பிரிவுக் கூட்டத்தையும் நீங்களே நடத்துங்க. ஆனா அது வீட்ல இருந்து ஆகாது, ஆபீஸுக்கு வரணும். எடுத்துக்கறதும் விடறதும் உங்க இஷ்டம், திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார். பதவி உயர்வு மாமா. வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியக்காரனா? ஆனால் நான் ஆபீஸுக்குப் போனால் இவளை யார் பார்ப்பது? போகாவிட்டாலும் இப்படியே எத்தனை நாள் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பது? என்னிடம் சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். பால் புட்டிகளையும் துணிகளையும் எடுத்து வைத்துவிடுகிறேன். உங்கள் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. "அப்பா வண்டி எடுத்துட்டு வரேன்னு சொன்னாராமே?" என்று அவளாகத்தான் நேற்றுக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நீங்க என்ன சொன்னாலும் சரிதான்" என்றாள். சொல்லிவிட்டு, மடித்து வைத்த குட்டிச் சட்டைகளையே எடுத்து மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். தாங்கள்தான் வந்து அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே இவளுக்குத் தூக்கம் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், மேலாளரின் எண்ணைத் தருகிறேன், வாஷிங் மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் முட்டி வலிக்கு உங்கள் மகள் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யவும். பெரியவர்களாகிய தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மாமா, கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கணினியில் யாரும் இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது. எப்போது முடிந்ததோ தெரியவில்லை, திரையே இருண்டு கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால், அந்த மெஷினை முதுகில் தட்டியவரைப் பற்றி எழுதும்போது "அனைவருக்கும் நன்றி" என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் மேலாளர் குரலே இல்லை. அவர் குரலைப் புகழ்ந்து எழுதிய பத்தியை எழுதும்போதுகூட அவர் இல்லை. உங்கள் பேத்தி தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சோதித்துப் பார்த்தேன். பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். நெளிந்தாள், போனைத் துப்பினாள், உதட்டைப் பிதுக்கினாள். சட்டென்று, "மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது" என்று வாய்க்குள் ஆரம்பித்தேன். என் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். அத்தனை கூட்டத்திலும் மைக்கை அணைத்துவிட்டு நான்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், மெஷின்காரர்களுக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டும் உங்களைத் திட்டிக்கொண்டும் (மன்னிக்கவும்). பதிவைப் போட்டபோதுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவளுக்குப் பாட்டு வேண்டாம், மேலாளர் வேண்டாம். என் புலம்பல்தான் வேண்டும். அது என்னிடம் எக்கச்சக்கமாக இருக்கிறது.

எனக்கு அழுகை வருகிறது மாமா, அழுதால் தூளி ஆடும் என்று அடக்கிக்கொண்டிருக்கிறேன். இவளை என்னால் அனுப்ப முடியாது. மேலாளரிடம் திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வருத்தப்படுவார், பாவம், என்னை விட்டால் அவரிடம் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும், பேத்தியோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவும், வண்டியில் திரும்பும்போது தாங்களும் அத்தையும் மட்டும் போகவும். மீசையைத் தடவ வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவதுதான் நியாயம். ஆனால் தாள் தீர்ந்துவிட்டது, வேறு தாள் அலமாரியில் இருக்கிறது, எழுந்தால் இவள் விழித்துக்கொள்வாள்.