பறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட கொக்கு

ஒரு காட்டில் ஒரு விமான நிலையம் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அது திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டுவதோடு சரி என்பதால் இந்தக் கதையில் அதற்கு வேலை கிடையாது.

விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சதுப்பில் வெள்ளைச்சாமி என்று ஒரு கொக்கு வசித்தது. மற்ற கொக்குகள் மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும். வெள்ளைச்சாமி விமானத்துக்காக நிற்கும். கழுத்தில் கேமரா, கேமராவில் அந்தக் கழுத்தைவிட நீளமான லென்ஸ். எந்த விமானம் எத்தனை மணிக்கு வரும், அதன் உடம்பில் என்ன எண் எழுதியிருக்கும், போன மாதம் எந்த இறக்கையில் பெயின்ட் உரிந்திருந்தது, எல்லாம் அதற்கு மனப்பாடம். தன் கல்யாண நாள் மட்டும் மறந்து போகும்.

இவ்வளவு ஞானம் இருந்தும் ஒரு குறை. சதுப்பு இருந்த இடம் அப்படி. மரங்களுக்கு மேலே விமானம் தலைகாட்டி, கொக்கு நிமிர்ந்து, லென்ஸைத் திருகி, மூச்சைப் பிடித்து அமுக்குவதற்குள் விமானம் தாண்டிப் போயிருக்கும். இரண்டு வருஷத்தில் நாலாயிரம் படம் எடுத்திருந்தது. நாலாயிரமும் வால். காட்டில் அதற்கு வால் வெள்ளைச்சாமி என்றே பெயர் விழுந்துவிட்டது.

"நம்ம குஞ்சுங்களையும் அப்படித்தானே எடுத்து வெச்சிருக்கீங்க? எல்லாம் முதுகு" என்றது அதன் மனைவி செங்கமலம்.

இந்தச் சமயத்தில்தான் புது டெர்மினல் கட்டி முடித்தார்கள். திறப்பு விழா அன்று நாலு என்ஜின் ஜம்போ ஒன்று வருமாம். ஒரே ஒரு தடவைதான் வருமாம். அதைச் சிறப்பாகப் படம் எடுப்பவரின் படத்தைப் பெரிதாக்கி, பெயரும் போட்டு, டெர்மினல் வாசலில் மாட்டுவார்களாம்.

"இந்த ஜம்போவோட மூக்கை மட்டும் நான் எடுக்கலைன்னா, கேமராவைத் தூக்கிப் போட்டுட்டு மீன் பிடிக்கப் போயிடறேன்" என்று சபதம் போட்டது வெள்ளைச்சாமி.

"எப்படியும் போங்க. வீட்ல மீன் இல்லை" என்றது செங்கமலம்.

படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தரும் ஜன்னலில் உடும்பு தணிகாசலம் உட்கார்ந்திருந்தது. ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் அதனிடமிருந்து அந்த விதியைப் பிரிக்க ஆளே கிடையாது. ஏழு பக்கப் படிவத்தை நீட்டி, "மூணு பிரதி" என்றது.

"எதுக்கு சார் மூணு?"

"எனக்கு முன்னாடி இருந்தவரும் மூணுதான் வாங்கினார்."

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. 'விமான நிலைய எல்லைக்குள் எக்காரணம் கொண்டும் பறக்க மாட்டேன்.'

"சார், நான் பறவை."

"அதனாலதான்யா உனக்கு இந்தப் பக்கம். யானைக்கு இந்தப் பக்கமே கிடையாது."

விமானம் பறப்பதைப் படம் எடுக்க, பறவை பறக்கக் கூடாது. வெள்ளைச்சாமி உறுதிமொழியை இரண்டு தடவை படித்தது. ஆனாலும் மூக்கை நினைத்துக்கொண்டு மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டது.

வரிசையில் அடுத்து நின்றது சிங்காரம் என்ற கழுதை. அதன் கழுத்தில் ஒரு செல்போன் தொங்கியது. படிவத்தை வாங்கிய சிங்காரம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

"அண்ணே! அதை எழுதிக் கொடுக்கணும்ணே!"

"அப்படியா? எல்லாரும் நிக்கிறாங்களேன்னு நானும் நின்னேன்" என்றது கழுதை மென்றுகொண்டே. "உறுதிமொழி இருக்கிற பக்கம் மட்டும் கொஞ்சம் கசப்பு."

வெள்ளைச்சாமி தலையில் அடித்துக்கொண்டது. இப்படியும் ஒரு ஜென்மம் என்று பரிதாபப்பட்டது. சிங்காரம் பாட்டுக்கு மேற்கு வேலிப் பக்கம் மேயப் போய்விட்டது. அங்கே புல் நன்றாக இருக்குமாம்.

நாற்பது நாள் கழித்து அனுமதி வந்தது. இடம்: ஓடுபாதையின் கிழக்கு முனை, கம்பம் எண் ஆறின் அடி. அருமையான இடம். விமானங்கள் கிழக்கிலிருந்துதான் வந்து இறங்கும். மூக்கு நேராக லென்ஸுக்குள் நுழையும். பறக்கக் கூடாது என்பதால் வெள்ளைச்சாமி விழாவுக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பி நடந்தே போய்ச் சேர்ந்தது. காலெல்லாம் கொப்புளம். மேற்பார்வைக்கு உடும்பும் கூடவே வந்து, கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

விழா நாள். ஜம்போ வர ஒன்பது நிமிஷம் இருந்தது. கிழக்கே பார்த்துக் கேமராவைத் தூக்கிய வெள்ளைச்சாமியின் அலகில் காற்று அடித்தது. தினமும் முதுகில் அடிக்கிற காற்று, இன்றைக்கு முகத்தில்.

கொக்கு கேமராவை இறக்கியது. எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும் என்பது முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அதற்குத் தெரியும். விமானத்துக்கும் அதே கணக்குதான். காற்று திரும்பிவிட்டது, இனி ஜம்போ மேற்கிலிருந்து இறங்கும். இறங்கிப் பாதி வழியிலேயே டெர்மினலுக்குத் திரும்பிவிடும். இங்கிருந்து பார்த்தால் எறும்பு அளவுகூடத் தெரியாது. நாற்பது நாளாகப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், காற்றைப் பார்க்க மறந்துவிட்டது.

"சார், நான் மேற்கு முனைக்குப் போகணும்!"

"இடமாற்றமா? படிவம் பதினொண்ணு. மூணு பிரதி. பதினஞ்சு நாள் ஆகும்."

"விமானம் ஒன்பது நிமிஷத்துல வருது சார்!"

"அது விமானத்தோட பிரச்சினை."

வெள்ளைச்சாமி உடும்பைப் பார்த்தது. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையைப் பார்த்தது. தன் கொப்புளங்களைப் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, இறக்கையை விரித்து எழும்பிவிட்டது.

"உறுதிமொழி! உறுதிமொழி!" என்று கீழே உடும்பு கத்தியது. கம்பத்தை விட்டுவிட்டு ஓடிவர அதற்கு மனசு வரவில்லை.

காற்று பின்னாலிருந்து தள்ளியது. இரண்டு நாள் மடக்கி வைத்திருந்த இறக்கைக்கு என்ன சுகம்! கேமராவையே மறந்து கொக்கு பறந்தது. மேற்கு முனை வந்ததும் நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஜம்போ. முழு மூக்கு. இவ்வளவு கிட்டத்தில் மூக்கைப் பார்த்த விமான ரசிகர் காட்டிலேயே கிடையாது. பாவம், கேமராவைத் தூக்க இறக்கை காலியாக இல்லை.

"பறவை குறுக்கே!" என்று அலறி, விமானி ஜம்போவை மறுபடி மேலே தூக்கியது. அந்த விமானி ஒரு கழுகு. ஜம்போ ஒரு சுற்றுச் சுற்றிவந்து பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொக்கின் கேமராவை மட்டும் பறிமுதல் செய்தார்கள்.

கொக்கும் ஜம்போவும் எதிரெதிரே வந்த அந்த நொடியில் மேற்கு வேலியோரம் சிங்காரம் பல்லில் சிக்கிய புல்லைப் பார்ப்பதற்காகச் செல்போனைத் தூக்கிக் குளம்பால் அமுக்கியிருந்தது. குளம்பு மறுபடி பட்டதில் படம் நேராகப் போட்டிக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. வானம் நிறைய ஜம்போவின் மூக்கு, அதற்கு முன்னால் இறக்கை விரித்த வெள்ளைக் கொக்கு, கீழ் ஓரத்தில் இரண்டு நீளக் காதுகள். காதுகள் ஆழமான குறியீடு என்று நடுவர்கள் எழுதினார்கள். படத்தை டெர்மினல் வாசலில் மாட்டி, அடியில் 'படம்: சிங்காரம்' என்று போட்டார்கள். அதற்கும் அடியில், 'பறவைகளே, இப்படிச் செய்யாதீர்கள்.'

வெள்ளைச்சாமி அதன் முன்னால் வெகுநேரம் நின்றது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் தான் இவ்வளவு அழகாகப் பறப்போம் என்று அதற்கு அதுவரை தெரியாது. முதுகு தெரியாத ஒரு படம்! செங்கமலத்திடம் காட்ட ஒரு நகல் வேண்டும் என்று ஆசை வந்து, அனுமதி ஜன்னலுக்குப் போனது.

ஜன்னலில் சிங்காரம் உட்கார்ந்திருந்தது. காற்றின் திசையை நாற்பது நாள் முன்பே கணித்தவர் என்று பதவி கொடுத்திருந்தார்கள். உடும்பு பக்கத்தில் முத்திரைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, அந்தப் படத்துல ஒரு நகல்..."

"படிவம் எழுதிக் குடுங்க தம்பி. மூணு பிரதி."

வெள்ளைச்சாமி ஒரு வரி விடாமல் நிரப்பிக் கொடுத்தது. சிங்காரம் ஒரு பிரதியை வாயில் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியது.

"அண்ணே, என் விண்ணப்பம்?"

"பரிசீலனையில இருக்கு" என்றது சிங்காரம், மென்றுகொண்டே.

நீதி: விண்ணப்பத்தை எப்போதும் மூன்று பிரதிகளாகவே கொடுங்கள். அதிகாரிக்கும் மூன்று வேளை பசிக்கும்.