இரண்டாம் பதிப்புக்கு ஓராண்டு நீட்டிப்பு

ராணிப்பேட்டைத் தோல் தரச்சான்று ஆபீசில் 1988 மார்ச் 31-ஆம் தேதி இருவர் ஓய்வு பெறவிருந்தார்கள். ஒருவர் சூப்பிரண்டு சத்தியநாதன். இன்னொருவர், ஆபீஸ் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம், இரண்டாம் பதிப்பு. ‘மேற்படி தேதிக்குப் பிறகு இதற்கு எங்கள் சப்போர்ட் கிடையாது’ என்று மெட்ராஸ் கம்பெனி எழுதிவிட்டது.

"புதுப் பதிப்பு வாங்கிடலாம் சார்" என்றாள் டைப்பிஸ்ட் ஞானசுந்தரி.

"இன்னாம்மா பேசுற? ரிட்டயராவுற தேதி வந்தா முதல்ல நீட்டிப்பு கேக்கணும். அதான் ரூல்."

ரூல் புத்தகத்தில் அவர் படித்த ஒரே பக்கம் அதுதான். அதுவும் தனக்காக, மூன்று மாதமாக. வீட்டில் சும்மா உட்காருவது, பாவம், அவருக்கு ஆகாத காரியம். ஒரே கவரில் இரண்டு விண்ணப்பம் வைத்தார். தன்னுடையதில் அடக்கமாக நாலு வரி. பதிப்புக்கு மட்டும் மனம்விட்டு எழுதினார்: ‘அன்னார் நாளது தேதிவரை லீவு எடுத்ததில்லை. மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை.’

தலைமை அலுவலகம் இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துப் பதில் போட்டது: ‘ஆபீசுக்கு ஒரு நீட்டிப்பே உண்டு. தகுதி அடிப்படையில் அது பதிப்புக்கு வழங்கப்படுகிறது.’

"ஆண்டவரே!" என்று நாற்காலியில் சாய்ந்தார் சத்தியநாதன். மாலை போட்டு, மிக்சர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரமே பதிப்பு படுத்துக்கொண்டது. சான்று கிடைக்காமல் தோல் லாரிகள் வாசலில் நின்றன. "கப்பல் போய்டும்மா, ஒரே பேஜாரா இருக்கு!" என்று கத்தினார் ஆம்பூர் முதலாளி ஷபீ அஹமது. கம்பெனி கையை விரித்தது. தலைமை அலுவலகமோ, ‘அன்னார் பணிக்கு வராததற்கு மருத்துவச் சான்று எங்கே?’ என்று கேட்டது.

கம்ப்யூட்டர் பெட்டியில் எங்கே தட்டினால் எழுந்திருக்கும் என்பது சத்தியநாதனுக்கு மட்டுமே தெரியும். ஞானசுந்தரி அவர் வீட்டுக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கும் சப்போர்ட் முடிஞ்சிடுச்சின்னு எழுதிக்கம்மா."

"சரிங்க சார். ஆனா உங்க பென்ஷன் பேப்பரும் அதுக்குள்ளதான் இருக்கு."

சத்தியநாதன் எழுந்து சட்டையைத் தேடினார்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்து இரண்டு தட்டு தட்டுகிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது, அவருடைய வரியில் இப்போது பதிப்பின் பெயர் இருக்கிறது. தோல் சான்றுகள் தீர்ந்த பிறகுதான் பென்ஷன் பேப்பர் அச்சாகும் என்பது ரூல். தோலோ தீர்வதாக இல்லை. மறு மார்ச்சில் பதிப்புக்கு மீண்டும் நீட்டிப்பு வேண்டியிருந்தது. நற்சான்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான், இந்தத் தடவை முழுசாக இரண்டு பக்கம்.