பஞ்சுவுக்கு உடம்பு சரியில்லை

இன்றைக்குப் பஞ்சுவுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடலாமா? வேண்டாம், போன வாரம்தான் வந்து போனது. வாந்தி? அதற்கு அந்த அம்மா நூறு கேள்வி கேட்பார். என்ன நிறம், எத்தனை தடவை, உள்ளே முடி இருந்ததா. மலச்சிக்கல்தான் நல்லது. அதில் விவரிக்க ஒன்றும் இல்லை.

தகர டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அவள் இப்படி யோசித்துக்கொண்டிருந்தாள். வியாதி வருவதற்கு முன்பே வியாதியின் பெயரை முடிவு செய்ய வேண்டிய நிலைமை அவளுக்கு. ஏனென்றால் பஞ்சு என்று ஒரு பூனையே கிடையாது.

நாய், பூனைகளுக்கான உணவு விற்கும் இந்தக் கடையில் வேலை கேட்டு வந்த அன்று முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீட்ல பூனை இருக்கா? பூனை வளர்க்காதவங்கள நான் வேலைக்கு வச்சுக்கிறதில்ல. கஸ்டமர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க." வாடகை கொடுக்க வேண்டிய தேதி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. "இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள். "பேரு?" எதிரே ஒரு நாய்ப் படுக்கை கிழிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "பஞ்சு சார். வெள்ளைப் பூனை."

அதோடு விஷயம் முடிந்திருக்கும், நர்ஸம்மா வராமல் இருந்திருந்தால்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத புடவை, கையில் குடை, நேரான முதுகு. முதல் நாள் வெயிலுக்கு ஒதுங்கியவர் போல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன வேணும்மா, பூனைக்கா?" என்று அவள் கேட்டாள்.

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, டாக்டருக்கு" என்றார்.

"டாக்டருக்கா?"

"அதான் அது பேரு. காலம் பூரா டாக்டர் சொன்னத நான் கேட்டேன். இனிமே நான் சொல்றத டாக்டர் கேக்கட்டும்."

டாக்டருக்கு எது நல்லது, வெட்டா ட்ரையா, அதாவது ஈரத் தீனியா உலர் தீனியா? இதுதான் கேள்வி. ஈரத் தீனியில் தண்ணீர் இருக்கிறது, சரியாகத் தண்ணீர் குடிக்காத பூனைக்கு நல்லது. உலர் தீனி கெட்டுப்போகாது, கிண்ணத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நர்ஸம்மாவின் பார்வையில் நாக்கு தானாக நீண்டுவிட்டது. "எங்க பஞ்சுவுக்கு நான் வெட்தாம்மா போடறேன்."

மறுநாள் சாயங்காலம் நர்ஸம்மா குடையோடு வந்தார்.

"ஏம்மா, நீ சொன்னேன்னு வெட் போட்டேன். டாக்டருக்கு ராத்திரி பூரா வயித்தால போச்சு. உன் பூனைக்கு ஒத்துக்கிட்டது என் பூனைக்கு ஏன் ஒத்துக்கல?"

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பஞ்சுவுக்கும் நேத்து அப்படித்தாம்மா. அதனால ட்ரைக்கு மாத்திட்டேன்."

"நானும் மாத்திடறேன்" என்று ஒரு பெரிய பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ட்ரை சாப்பிட்ட டாக்டர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லையாம். பஞ்சு போகிறதா? போகிறது என்றால், "அப்ப ஏன் டாக்டர் போகல?" போகவில்லை என்றால், "அப்ப எதுக்கு அதை எனக்குச் சொன்ன?" அவள் நடுவில் புகுந்து, "காலையில வெட், சாயங்காலம் ட்ரை" என்றாள்.

நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டையுமா? எப்பலேருந்து? யாரைக் கேட்டுக் குடுத்த? இப்ப புரியுது. டாக்டர் நல்லாத்தான் இருக்கார். பஞ்சுவுக்குத்தான் உடம்பு சரியில்ல."

அன்றிலிருந்து பஞ்சு நோயாளியாகிவிட்டது. தினமும் சாயங்காலம் விசாரணை. இல்லாத பூனையின் எடை, தூக்கம், முடி உதிர்வு எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். முன்தினம் சொன்னதற்கு ஒத்துப்போகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பஞ்சுவைக் கொன்றுவிட்டால் என்ன? யோசிக்காமல் இல்லை. ஒரு லாரி போதும். ஆனால் லாரி என்று நினைத்ததும் மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. பஞ்சு வெள்ளையாக, சன்னலோரம் கால் நீட்டிப் படுத்திருந்ததை அப்போதுதான் தெளிவாகப் பார்த்த மாதிரி இருந்தது. வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மலச்சிக்கல்மா" என்றாள் இன்று.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

விவரிக்க ஒன்றும் இல்லாத வியாதி என்று நினைத்ததுதான் தப்பு. நர்ஸம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மூணு நாள் சும்மாவா இருந்த? நேர்ல பாக்கணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்..."

"வரட்டுமே" என்றார் முதலாளி. "நம்ம நல்ல கஸ்டமர். எனக்கும் உன் பூனைய ஒரு போட்டோ எடுத்துக் குடு. கடையில மாட்டலாம்."

அவள் குடியிருந்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. கீழ்த்தளத்தில் தையற்காரர் ஒரு பூனை வைத்திருந்தார். கரிச்சட்டி நிறம், பாதி காது கிடையாது.

"என் பூனை உனக்கு எதுக்கு?"

"எலித் தொல்லைண்ணே. ஒரு மத்தியானம் மட்டும்."

"அது எலியப் பாத்தா ஒதுங்கி வழி விடுமே" என்றார் தையற்காரர். ஆனாலும் கொடுத்தார்.

அறைக்குள் வந்ததும் அது பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்த நர்ஸம்மா உள்ளே வரவில்லை. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்று, வார்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வெள்ளைன்னு சொன்னியே?"

"உள்ளங்கால் வெள்ளைம்மா."

நர்ஸம்மா கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்: "ரெண்டையும் வை. எது வேணும்னு அதுவே சொல்லட்டும்."

ஒரு கிண்ணத்தில் ஈரத் தீனி, ஒரு கிண்ணத்தில் உலர் தீனி. பூனை இறங்கி வந்தது. முதல் கிண்ணத்தை முகர்ந்தது. இரண்டாவதைக் காலால் தள்ளியது. பிறகு மேசைமேல் தாவி, அவள் காலையில் பாதி கடித்து வைத்திருந்த ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு பீரோ மேல் போய்விட்டது.

நர்ஸம்மா மேசையைப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு தம்ளர். கழுவிக் கவிழ்த்த ஒரே பாத்திரம். தூசி படிந்த அடுப்பு.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பஞ்சுவாம்மா?"

"நீதான்."

இந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பூனையைப் பற்றியாக இருந்தால் பொய் தயாராக இருந்திருக்கும். இதற்கு எதையும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"அந்த ரொட்டிதாம்மா. பாதி."

"அதான் பாத்தேன். நீ ஒழுங்கா உக்காந்து சாப்பிடு. கூட ஒரு ஆள் சாப்பிட்டா அதுவும் சாப்பிடும். வெட், ட்ரை எல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா படியிறங்கினார். கடைசிப் படிவரை தும்மிக்கொண்டே போனார். மாடிப்படி தூசி என்று அவள் வெட்கப்பட்டாள். சாயங்காலமே பெருக்கினாள்.

அடுத்த வாரம் முழுக்க விசாரணை வேறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டருக்கு வெட் போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நர்ஸம்மா ஆரம்பிப்பார். நடுவில், "நீ என்ன சாப்பிட்ட?" என்பார். பூனையைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொய், இதிலாவது உண்மை இருக்கட்டும் என்று அவள் காலையில் அடுப்புப் பற்றவைக்கத் தொடங்கினாள். சோறு வடித்தாள். ஒரு நாள் முட்டை கூடப் பொரித்தாள். நர்ஸம்மா தலையை ஆட்டிவிட்டு, "பஞ்சு தேறிடும்" என்றார்.

அதற்குமேல் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷியை எத்தனை நாள் ஏமாற்றுவது? முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், போகட்டும். நர்ஸம்மா இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டார். அதை நினைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள். 'அம்மா, பஞ்சுன்னு ஒண்ணு...' அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தது நர்ஸம்மா இல்லை. இரண்டு கையிலும் கனமான பைகளோடு வேறு ஒரு பெண். முதலாளி அப்போது கிடங்கில் இருந்தார்.

"குடையோட ஒரு நர்ஸம்மா தினமும் வருவாங்களே, நான் அவங்க மருமக."

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்காங்க. இன்னிக்குக் கண் பரிசோதனை, அதான் வரல." பைகளைக் கவிழ்த்தாள். டப்பாக்களும் பாக்கெட்டுகளும் மேசை முழுக்கச் சரிந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "இதெல்லாம் அவங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

"அப்போ டாக்டர் ரெண்டையுமே சாப்பிடலையா?"

"எந்த டாக்டர்?"

"பூனைங்க. உங்க வீட்டுப் பூனை."

மருமகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க வீட்ல ஏதுங்க பூனை? பூனை முடி பட்டாலே அத்தைக்கு மூச்சு முட்டும். கேட்டா, 'அந்தக் கடையில ஒரு பொண்ணு இருக்கா, தனியா இருக்கா, சரியா சாப்பிடறதில்ல, நான் போய் விசாரிக்கணும்'னு என்னமோ சொல்றாங்க. நீங்களே சொல்லிடுங்க, எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே வராதீங்கன்னு. கடைக்காரங்க சொன்னாக் கேப்பாங்க."

அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பவும் அதே பைகளில் வைத்து, மருமகள் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்குங்க, அதை மட்டும் என்னால சொல்ல முடியாது. டாக்டருக்கு வெட்டா, ட்ரையான்னு நாங்க ரெண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணல."