பின்வரிசைக் கைகள்

'இந்த மனிசனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?'

தவநாயகி தேத்தண்ணியை மட்டும் கணவருக்கு முன்னால் வைத்தாள்.

இல்ஃபோர்ட் தமிழ்ச்சங்கத் தலைவர் பதவிக்குக் கனகலிங்கமும் பெர்னடெற்றும் போட்டி. முதல்நாள் மண்டபத்தில் இருவரையும் மேடையேற்றி விவாதம் வைத்தார்கள். முடிவில் கை தூக்கச் சொன்னபோது இருவருக்கும் சரிபாதி. "இன்னும் முடிவெடுக்காத ஆக்கள்?" என்றதும் பின்வரிசையில் சில கைகள் எழுந்தன. படத்தில் வடிவாய் விழவேண்டும் என்று கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அவருக்குக் கைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை.

"நீர் பின்னாலதானே தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனீர். ஆர் ஆரெண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஃபோன் எடுத்துக் கேளும். 'ஓம்' எண்டா நம்பலாம். 'பாப்பம்' எண்டினமெண்டா, போச்சு."

எடுத்தாள். அத்தனை பேரும் "ஓம் அக்கா, அண்ணைக்குத்தான்" என்றார்கள். கனகலிங்கம் ஏற்புரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

சற்றைக்கெல்லாம் செயலாளர் ரங்கராஜன் அழைத்தார். "அண்ணே, உங்க வீட்டம்மாகிட்ட 'ஓம்' சொன்னவங்கதான் பெர்னடெற் மேடத்துக்கும் 'ஓம்' சொல்லியிருக்காங்க."

"மனிசி கேட்டா ஆர் இல்லையெண்டு சொல்லப் போகினம்? பிழை என்னிலதான்," என்றார் கனகலிங்கம். "நம்பரை மறைச்சு, இங்கிலீசில கேளும். சேர்வே எண்டு சொல்லும்."

மூக்கால் இங்கிலீசு பேசினாள். ஒருவர், தனியாள் வரிச்சலுகையைச் சோதிக்கும் கவுன்சில் என்று பயந்து, வீட்டில் தன்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் மோசடி ஃபோன் என்று ஏசினார். மூன்றாவதாக எடுத்த டொலறஸ் பொலிசுக்கே சொல்லிவிட்டாளாம்.

தவநாயகிக்கு உள்ளே சிரிப்பு வந்தது. ஆனாலும் நேற்றைய விவாதம் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. 'ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?' என்று யாரோ கேட்டார்கள். இவர் மைக்கைப் பிடித்து, 'அதெல்லாம் என்ர மனிசி சமைப்பா' என்றார். மண்டபமே கைதட்டியது. தேத்தண்ணி வாளியோடு நின்றவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்நூறு பேருக்கு. அதுவும் வருசா வருசம். இந்த முறை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்திருந்தாள்.

"நானே கதைக்கிறன்," என்று கனகலிங்கம், பின்வரிசையில் கை தூக்கியவர்களில் ஒருத்தியான மெற்றில்டாவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். "தங்கச்சி, ஒளிக்காமச் சொல்லும். என்ர பேச்சில என்ன குறை?"

"ஐயோ அண்ணை, பேச்சு நல்லாத்தான் இருந்தது."

"பெர்னடெற்றின்ர பேச்சு?"

"அதுவும் நல்லாத்தான் இருந்தது."

"பிறகேன் முடிவெடுக்கேல்லை எண்டு கையைத் தூக்கினனீங்கள்?"

"முதல் கை தூக்கினது எங்கட அக்காதானே, அண்ணை? வீட்டுக்காரிக்கே நிச்சயமில்லையெண்டா, நாங்கள் எப்பிடி முடிவெடுக்கிறது?"

ஃபோன் அணைந்தது. கனகலிங்கம் மெல்லக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நாயகி… வாற ஞாயிறு எனக்குத்தானே வோட்டுப் போடுவீர்?"

அவள் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பம்."