ஒருங்கிணைப்பு அறையும் நாலாம் கதவும்

கடவுள் துணை

அன்பும், இன்றைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் கொண்ட அக்கா, தம்பிக்கு எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே என் வீட்டுக்காரர், அதாவது உன் மாமா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லியாயிற்று. உனக்குச் சொல்ல நன்றி எதுவும் மிச்சமில்லை.

"போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூணையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கேன்க்கா, ஒரு எறும்புக்குக்கூட ஆபத்து வராது" என்று கால்பந்து ஆட்டத்துக்குப் பாஸ் கொடுத்தபோது பெருமையடித்தாய். பந்தாட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்றுகூடத் தெரியாத நானும் அதை நம்பி உன் மாமாவோடு கிளம்பி வந்தேன். வந்தவுடனேயே உன் லட்சணம் தெரிந்துவிட்டது. மைதானத்தின் பின்பக்கம், லாரி நுழைகிற அகலத்தில் ஓர் இரும்புக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, காவலுக்கு ஒரு ஆள் இல்லை. எவனாவது வந்து கோல் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போனாலும் கேட்க நாதியில்லை. திறந்த கதவைப் பார்த்துவிட்டுச் சும்மா நகர என் கால் சம்மதிக்காது, உனக்குத் தெரியும். இழுத்துச் சாத்தி, கொண்டியில் தொங்கிய பூட்டைப் பூட்டிவிட்டுத்தான் மேலே ஏறினேன். அத்தனை அதிகாரிகள் இருந்த இடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே பாதுகாப்பு வேலை அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஒரு பந்தைப் போட்டது. "அது கோலே இல்லடா!" என்று கத்திக்கொண்டு எழுந்த உன் மாமா, அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஓடிவந்த முதலுதவிக்காரர், "ஆம்புலன்ஸ் நாலாம் கதவுக்கு வெளிய தயாரா நிக்குதும்மா. ஆனா கதவு பூட்டியிருக்கு. சாவி போலீஸ்கிட்ட" என்றார். போலீஸ்காரரோ, "காவல் மட்டும்தாம்மா எங்களுது. சாவி மைதானக்காரங்க பொறுப்பு" என்றார். தீயணைப்புக்காரர் தோளில் வெட்டுக் கருவியோடு நிற்கிறார். "பூட்டை இப்பவே வெட்டிருவேன். ஆனா தீ எங்க? தீ இல்லாம வெட்டணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்." தீ என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

உன் ஒருங்கிணைப்பு அறைக்கு ஓடி வந்தேன். ஒரே மேசை. போலீஸ் பெரியவரும் தீயணைப்புப் பெரியவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் பெரியவர் வாக்கி டாக்கியில் தன் தலைமையகத்தைக் கூப்பிடுகிறார், அது தீயணைப்புத் தலைமையகத்துக்கு ஃபோன் போடுகிறது, அங்கிருந்து செய்தி திரும்பி வந்து பக்கத்து நாற்காலிக்காரரின் வாக்கி டாக்கியில் கரகரக்கிறது, அவரும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "சரியா விளங்கலை, மறுபடி சொல்லவும்" என்கிறார்!

"ஏங்க, திரும்பி அவர் காதுலயே சொல்லக் கூடாதா?"

"நேரா பேசினா பதிவுல வராதும்மா."

மேசையின் தலைமாட்டில் நின்ற நீ என்ன சொன்னாய்? "பதறாதேக்கா, எல்லாம் முறைப்படி வந்துட்டு இருக்கு."

"முறைப்படி வர்றதுக்கு அவர் என்ன மனுவாடா? மூச்சு முட்டுற மனுஷன்டா!"

கடைசியில் அவரைக் காப்பாற்றியது நீலச் சாயம் பூசிய முகம் ஒன்றும் சிவப்புச் சாயம் பூசிய முகம் ஒன்றும். அதுவரை ஒருவன் குடும்பத்தை இன்னொருவன் திட்டிக்கொண்டிருந்த இரண்டு ரசிகர்கள். தங்கள் கொடியிலேயே உன் மாமாவைக் கிடத்தி, "நல்லாப் பிடிடா சிவப்பா", "பிடிச்சாச்சு, உன் டீம் தோக்கத்தான் போவுது, நீ காலைத் தூக்கு" என்று பேசிக்கொண்டே கதவுக்கு மேலாகத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். முதலுதவிக்காரர் சொன்னார். முன்வாசலில் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். மீதியை நான் கேட்கவில்லை.

நாலாம் கதவின் காவலாளியை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள். நீ செய்த ஒரே உருப்படியான காரியம். "சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன், திரும்பி வந்தா கதவு பூட்டியிருக்கு, சாவியைக் காணோம்" என்று அழுகிறானாமே! பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டு சாவியை விழுங்கிவிட்டதாக்கும்! பிள்ளைகுட்டிக்காரன் என்று இரக்கப்பட்டுவிடாதே. விசாரணைக்கு நானே வந்து அவனுக்கும் உனக்கும் எதிராகச் சாட்சி சொல்கிறேன். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று உன் மேலதிகாரிக்கும் போகிறது.

உனக்கு நல்ல புத்தியையும், அது வருகிறவரை உன் மனைவிக்குப் பொறுமையையும் கடவுள் தரட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மாமா உன்னை விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
இனி உன் பாஸைக் கையால் தொடாத
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அன்றைய செலவை எழுதி முடிக்கலாம் என்று கைப்பையைக் கவிழ்த்தேன். ரசீதெல்லாம் சரியாக இருக்கிறது. கணக்கில் வராத சாவி ஒன்று மட்டும் கைக்குட்டையில் முடிந்து கிடக்கிறது. அதில் கோத்த சிவப்பு அட்டையில் நாலு என்று போட்டிருக்கிறது. பொறுப்பான ஆள் யாராவது கண்ணில் பட்டால் கொடுக்கலாமென்று பத்திரமாக எடுத்து வைத்தேன். அப்படி ஒருவரும் படவில்லை. சாவி இத்துடன் வருகிறது. அந்தக் காவலாளியை நாளைக்கே வேலையில் சேர்த்துக்கொள், பாவம், பிள்ளைகுட்டிக்காரன். மேலதிகாரிக்கான நகலைக் கிழித்துவிட்டேன். விசாரணைக்குக் கட்டாயம் வருகிறேன், ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்று நீயே சொல். உன் மாமாவிடம் மட்டும் மூச்சு விடாதே. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.